முதலில் வருவதுதான் சரியான விடையா?

ஏழாம் வகுப்பில் செயல்திட்டத்துக்குத் தகவல் திரட்டி வரச் சொல்கிறோம். மறுநாள் அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி வருகிறாள் மாணவி. "இது எங்கேம்மா கிடைச்சது?" என்று கேட்டால், "கூகுள்ல வந்துச்சு டீச்சர்" என்கிறாள். "கூகுள்ல எந்தப் பக்கத்துல?" என்று கேட்டால், "முதல்ல வந்தது டீச்சர்" என்று பதில் வருகிறது. நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினால் நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் கேட்கிறோம். இணையத்திலிருந்து எடுத்தது என்றால் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அந்தப் பக்கம் எப்படி முதலில் வந்தது என்பது நம் வகுப்பறைக்கு உரிய கேள்வி. ஏனென்றால், ஒரு பக்கத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் இத்தொழிலைத் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறோம். துறையில் உள்ளவர்கள் சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்பார்கள். அவர்கள் கூடும் ஒருநாள் மாநாடு சென்னையில் நடந்தது. அதில் பேசவும், நாள் முழுவதும் அமர்ந்து கேட்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அங்கே அறிந்தவற்றில் நம் வகுப்பறைக்குப் பயன்படுபவற்றைச் சக ஆசிரியர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன். இணைய வசதி இல்லாத பள்ளியிலும் செய்யக்கூடிய செயல்பாடு ஒன்றும் இதில் உண்டு.

தேடுபொறி என்ன செய்கிறது?

தேடுபொறியின் வேலையை மூன்று படிகளாகச் சொல்லலாம். முதல் படி உலாவுதல். தேடுபொறியின் நிரல், ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்குமாக ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் படி அகராதி தயாரித்தல். பழைய இலக்கியப் பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியும் அருஞ்சொல் அகராதியும் இருப்பதைப் பார்த்திருப்போம். ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அவை காட்டும். தேடுபொறியும் தான் பார்த்த பக்கங்களுக்கெல்லாம் இப்படி ஓர் அகராதியை முன்கூட்டியே ஆக்கி வைத்திருக்கிறது. நாம் தேடும்போது அது இணையம் முழுவதையும் புரட்டுவதில்லை. தன் அகராதியைத்தான் புரட்டுகிறது. உலாவும் நிரல் எட்டாத பக்கம் அந்த அகராதியில் இருக்காது. எத்தனை நல்ல பக்கமானாலும் தேடலில் கிடைக்காது.

மூன்றாம் படி வரிசைப்படுத்துதல். ஒரு சொல்லுக்கு லட்சம் பக்கங்கள் கிடைத்தால் எதை முதலில் காட்டுவது? தொடக்கக் காலத் தேடுபொறிகள், சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்பனவற்றையே பெரிதும் பார்த்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வேறொரு வழியைக் கண்டார்கள். ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பலர் மேற்கோள் காட்டினால் அதற்கு மதிப்புக் கூடுகிறது. அதுபோலவே ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்பை ஒரு வாக்காக எண்ணலாம்; மதிப்புள்ள பக்கம் தரும் வாக்குக்கு எடை அதிகம். 1998ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் பிறந்தது இந்த எண்ணத்தின் மேல்தான். அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருவரும் ஓர் எச்சரிக்கையையும் எழுதினார்கள். விளம்பர வருவாயில் நடக்கும் தேடுபொறி, பயனாளரைவிட விளம்பரம் தருபவர் பக்கமே சாயும் என்பது அதன் சாரம். 2000ஆம் ஆண்டில் கூகுளே தேடல் முடிவுகளோடு விளம்பரங்களை விற்கத் தொடங்கியது.

வரிசையை மாற்றும் தொழில்

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்து அறிய வேண்டும். தேடல் பக்கத்தில் 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்சர்' என்ற குறிப்போடு வருபவை பணம் கொடுத்துப் பெற்ற இடங்கள். அக்குறிப்பு இல்லாமல் வரும் வரிசையை கூகுளிடம் பணம் கொடுத்து வாங்க முடியாது. அந்த இரண்டாம் வரிசையில் மேலே வருவதற்காகப் பக்கத்தைச் செம்மைப்படுத்துவதே எஸ்.இ.ஓ.

இதில் நேர்மையான வேலை நிறைய இருக்கிறது. பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு, தெளிவான உள்தலைப்புகள், கைப்பேசியில் விரைவாகத் திறக்கும் வடிவம், படங்களுக்கு எழுத்தில் விளக்கம், மக்கள் உண்மையில் பயன்படுத்தும் சொற்கள் ஆகியவை அந்த வகை. கரும்பலகையைப் பகுதி பிரித்து, தலைப்பிட்டு, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிவதுபோல் எழுதும் ஆசிரியருக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது.

குறுக்கு வழிகளும் உண்டு. ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் திணிப்பது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைப்பது, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டுவது, பணம் கொடுத்து இணைப்புகள் வாங்குவது எல்லாம் அந்த வகையைச் சேரும். பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தை கூகுள் தன் பட்டியலிலிருந்தே சில நாள் நீக்கியது. தேடுபொறிக்காக மட்டும் சொற்கள் நிரப்பிய பக்கங்களை அத்தளம் வைத்திருந்ததே காரணம். 2011ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற அங்காடி நிறுவனம் பல பொருள்களின் தேடலில் முதலிடத்தில் வருவதற்குப் பின்னால், தொடர்பே இல்லாத தளங்களில் பணம் கொடுத்துப் போட்ட ஏராளமான இணைப்புகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. கூகுள் அத்தளத்தை வரிசையில் கீழே தள்ளியது. அதே 2011இல் உள்ளீடற்ற பக்கங்களைக் கீழே இறக்க 'பாண்டா' என்ற மாற்றத்தையும், 2012இல் போலி இணைப்புகளுக்கு எதிராக 'பெங்குவின்' என்ற மாற்றத்தையும் கூகுள் கொண்டுவந்தது. விதி மாற மாற வழிகளும் மாறுகின்றன. இந்த விரட்டல் இன்றும் நடக்கிறது.

மாநாட்டில் கேட்டவை

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி இப்போது சென்னையில் இத்துறையில் வேலை செய்கிறாள். "டீச்சர், நாங்க எல்லாரும் கம்பெனிங்களோட வாடிக்கையாளரைப் பத்தித்தான் பேசுறோம். தேடுறதுல பாதிப் பேர் படிக்கிற பிள்ளைங்க. அவங்க எப்படித் தேடுறாங்கன்னு நீங்க வந்து சொல்லணும்" என்று அழைத்தாள். மாநாடு சனிக்கிழமை நடந்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுப் போய்வந்தேன்.

அரங்கில் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் இளைஞர்கள். மருத்துவமனை, நகைக்கடை, பயிற்சி மையம், சுற்றுலா நிறுவனம் என்று ஏதாவது ஒன்றுக்காகப் பக்கங்களைக் கவனிப்பவர்கள். கைப்பேசியில் பக்கம் திறக்கும் வேகம், குரல்வழித் தேடல், செயற்கை நுண்ணறிவு தரும் விடைகள் என்று அமர்வுகள் நடந்தன.

எனக்கு மிகவும் பயன்பட்டது, தேடுபவரின் நோக்கத்தைப் பற்றிய அமர்வு. 2002ஆம் ஆண்டில் ஆந்த்ரே புரோடர் என்ற கணினி அறிஞர் இணையத் தேடல்களை மூன்று வகையாகப் பிரித்தார். ஒன்றை அறிந்துகொள்ளத் தேடுவது, தெரிந்த ஒரு தளத்துக்குப் போய்ச்சேரத் தேடுவது, வாங்குதல், பதிவிறக்குதல் போன்ற ஒரு செயலை முடிக்கத் தேடுவது. 'கருப்பட்டி' என்று ஒருவர் தட்டச்சு செய்தால் அவர் வாங்க வந்தவரா, செய்முறை அறிய வந்தவரா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இவர்களின் உழைப்பு போகிறது. மாணவர் எழுதிய தவறான விடையைப் பார்த்து, எதை நினைத்து இப்படி எழுதினான் என்று நாம் யோசிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

மதிய உணவின்போது பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர், பள்ளிப் பாடங்களுக்குத் தமிழில் வினா விடைப் பக்கங்கள் வெளியிடும் தளம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னார். எட்டாம் வகுப்பு அறிவியல் வினாக்கள் சிலவற்றுக்கு அவர்கள் பக்கம்தான் முதலில் வருகிறதாம். யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு இத்தனை பக்கம்னு கணக்கு மேடம். எழுதுறவங்க அறிவியல் படிச்சவங்க இல்ல. ஏற்கெனவே இருக்கிற நாலு பக்கத்தைப் பார்த்து மாத்தி எழுதுவாங்க. தப்பு இருந்தா சொல்ல எங்களுக்கும் ஆள் இல்ல" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால், நம் பிள்ளைகள் பார்த்து எழுதிவரும் விடைகளில் சில எங்கிருந்து வருகின்றன என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்கு விளங்கியது.

நான் பேசியது

எனக்குத் தரப்பட்ட நேரம் இருபது நிமிடம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் தேடும்போது அருகில் நின்று பார்த்துக் குறித்துவைத்தவற்றைச் சொன்னேன்.

பாடநூல் வினாவை ஒரு எழுத்து மாறாமல் முழுதாகத் தட்டச்சு செய்கிறார்கள். எழுத்துப் பிழை வந்தால் திருத்துவதில்லை. கருவியே திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். தட்டச்சு சிரமமாக இருந்தால் ஒலிவாங்கியை அழுத்திப் பேசுகிறார்கள். மேலே கட்டம் கட்டி ஒரு பத்தி வந்தால் அதோடு தேடல் முடிந்தது. கட்டம் இல்லாவிட்டால் முதல் இணைப்பு. பக்கத்தை எழுதியவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. 'விளம்பரம்' என்ற சிறு குறிப்பு பலர் கண்ணில் படுவதே இல்லை. அது கண்ணில் பட்ட ஒரு மாணவன், "காசு கொடுத்துப் போட்டிருக்காங்கன்னா நல்லதாத்தானே இருக்கும் டீச்சர்?" என்று கேட்டான். அரங்கம் சிரித்தது; பிறகு அமைதியானது.

இந்த நிலை நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கல்வி ஆய்வுக் குழு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க நடுநிலைப்பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர், விளம்பரதாரர் தந்தது என்று குறிப்பிட்டிருந்த ஒரு பகுதியை உண்மையான செய்தி என்றே கருதினார்கள்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டார்: "மேடம், பாடம் தெரிஞ்சவங்க நீங்க. நீங்க எழுதினது ஏன் தேடினா கிடைக்கிறதில்ல?" அதற்கு நான் தந்த விடையை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் வகுப்பறைச் செயல்பாடுகள்.

செயல்பாடு 1: அட்டைத் தேடுபொறி

வகுப்பு 6 முதல் 8 வரை. இரண்டு பாடவேளை. கணினி தேவையில்லை.

எட்டு அட்டைகளில் பனைமரம் பற்றி எட்டுப் 'பக்கங்கள்' எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் பதநீர் இறக்குவது முதல் கருப்பட்டி காய்ச்சுவது வரை செய்முறை இருக்கட்டும்: பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, வடிகட்டிக் காய்ச்சுவது, பாகு பதத்தில் அச்சில் ஊற்றுவது. இன்னொன்று கருப்பட்டி விற்கும் கடையின் பக்கம். ஒன்று பனைமரம் பற்றிய சிறு கதை. ஒன்று பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்ற குறிப்பு. ஒன்றில் தகவல் எதுவும் இல்லாமல் 'கருப்பட்டி' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரட்டும். மற்றவற்றை உங்கள் விருப்பம்போல் எழுதலாம். ஒவ்வோர் அட்டையையும் ஒரு குழுவிடம் கொடுங்கள். தேடல் வினா: "பதநீர் எப்படிக் கருப்பட்டியாகிறது?"

முதல் சுற்று: 'பதநீர்', 'கருப்பட்டி' ஆகிய சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, அதிகம் உள்ள அட்டையை முதலில் வையுங்கள். சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய அட்டை வெற்றி பெறும். எங்கள் வகுப்பில் உடனே ஒரு குரல் எழுந்தது: "டீச்சர், முதல்ல வந்த அட்டையில விடையே இல்ல!"

இரண்டாம் சுற்று: ஐந்து நிமிடம் கொடுத்து, தங்கள் அட்டை முதலில் வர என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். எல்லாக் குழுவும் சொற்களை நிரப்பத் தொடங்கும். சிறிது நேரத்தில் எந்த அட்டையையும் படிக்க முடியாது.

மூன்றாம் சுற்று: ஒவ்வொரு குழுவும் மற்ற அட்டைகளைப் படித்து, நம்பத்தகுந்த இரண்டின் எண்களைத் தன் அட்டையின் அடியில் எழுதட்டும். அதிக வாக்குப் பெற்றது முதலில். இம்முறை செய்முறை அட்டை மேலே வரும். இப்போது இன்னொரு முறை விளையாடச் சொல்லுங்கள். "நீ என் நம்பரைப் போடு, நான் உன் நம்பரைப் போடுறேன்" என்ற பேரம் தானாகவே தொடங்கும். பி.எம்.டபிள்யூ. கதையையும் ஜே.சி. பென்னி கதையையும் சொல்வதற்கு அதுவே தருணம்.

நான்காம் சுற்று: வரிசைப்படுத்தும் விதியை வகுப்பே பேசி முடிவு செய்யட்டும். எங்கள் மாணவர்கள் மூன்று விதிகள் எழுதினார்கள். கேட்ட கேள்விக்கு விடை இருக்க வேண்டும். எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் என்றால் விற்பவர் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது விதியை எப்படிச் சோதிப்பது என்ற விவாதம் மணி அடித்த பிறகும் நீண்டது. பனையேறும் தாத்தா இருக்கும் மாணவி தன் குழுவின் அட்டையில் 'என் தாத்தா சொன்னது' என்று எழுதிக்கொண்டாள்.

செயல்பாடு 2: சொல்லை மாற்றித் தேடுதல்

வகுப்பு 7 முதல் 10 வரை. ஒரு பாடவேளை. ஆய்வகத்தில் ஒரு கணினி போதும்.

ஒரே கருத்தை வெவ்வேறு சொற்களில் தேடி, வரும் பக்கங்களை ஒப்பிட வேண்டும். 'ஒளிச்சேர்க்கை' என்று தேடினால் நம் பாடநூல் சொல்லைப் பயன்படுத்தும் பக்கங்கள் வரும். 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால் இலங்கைத் தமிழ்ப் பக்கங்கள் வரும். அங்கே அதுதான் பாடநூல் சொல். நாம் 'செல்' என்பதை அவர்கள் 'கலம்' என்பார்கள். 'ஆக்சிஜன்' அங்கே 'ஒட்சிசன்'. மூன்றாவதாக, "செடி சாப்பாடு எப்படி செய்யுது" என்று பேச்சு வழக்கில் தேடச் சொல்லுங்கள்.

மூன்று தேடல்களிலும் முதல் ஐந்து பக்கங்களின் தலைப்பு, யார் வெளியிட்டது, எந்த ஆண்டு, விளம்பரமா ஆகியவற்றை அட்டவணையில் குறிக்க வேண்டும். தேடல் வரிசை, நாம் தரும் சொல்லைப் பொறுத்து மாறுகிறது என்பது அட்டவணையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தமிழில் 'தேனி' என்ற ஊரும் 'தேனீ' என்ற பூச்சியும் ஒரு நெடிலில் மாறுவதைக் காட்டினால், எழுத்துப் பிழை ஏன் முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செயல்பாடு 3: திறப்பதற்கு முன் ஒரு நிமிடம்

வகுப்பு 8 முதல் 12 வரை.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேர் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். அவர்களில் 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள், 10 பேர் தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள், 25 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் பக்கத்துக்குள்ளேயே இருந்து, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைச் சிறிது பார்த்ததும் வெளியே வந்து, இத்தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு எனலாம். தேடல் முடிவு வந்ததும் முதல் இணைப்பை அழுத்தாமல் பட்டியலை முழுதும் படித்தது அவர்களிடம் இருந்த இன்னொரு பழக்கம்.

இதை வகுப்பில் நான்கு கேள்விகளாகச் சுருக்கிச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். ஒன்று: இது விளம்பரமா? இரண்டு: யார் எழுதியது, அவர் யார் என்று வேறு பக்கம் சொல்கிறதா? மூன்று: இதையே இன்னொரு நம்பகமான இடம் சொல்கிறதா? நான்கு: பாடநூலோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் யாரைக் கேட்பது? செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் தேடிய சொல், எடுத்த பக்கம், ஒப்பிட்ட பக்கம் மூன்றையும் எழுதினால்தான் மதிப்பெண் என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆசிரியர் எழுதியது ஏன் கிடைப்பதில்லை?

இனி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நம் ஆசிரியர்கள் எழுதுவதில் குறைவில்லை. பாடக் குறிப்புகள், வினாத் தொகுப்புகள், மெல்லக் கற்போருக்கான கையேடுகள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உழைப்பு குவிந்திருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிறது. உலாவும் நிரலுக்கு அக்குழுக்களின் கதவு திறக்காது. சில, கையால் எழுதி ஒளிப்படம் எடுத்த பி.டி.எஃப். கோப்புகள், தேடுபொறி படத்திலிருந்து எழுத்தைச் சில வேளை படித்தெடுக்கும், சில வேளை விட்டுவிடும். சில, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகள். 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதில் எழுதியதுதான் தேடலில் தமிழாகக் கிடைக்கும்.

நல்ல பக்கங்கள் இல்லாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தேடுபொறிப் பிரிவில் பணியாற்றிய மைக்கேல் கோலெபியூஸ்கி, 2018ஆம் ஆண்டில் இதற்குத் 'தரவு வெற்றிடம்' என்று பெயரிட்டார். ஒரு சொல்லுக்கு நம்பத்தகுந்த பக்கங்கள் குறைவாக இருந்தால், எது இருக்கிறதோ அது மேலே வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒளிச்சேர்க்கைக்கு எண்ணற்ற பல்கலைக்கழகப் பக்கங்கள் போட்டியிடுகின்றன. தமிழில் எட்டாம் வகுப்பு வினா ஒன்றுக்குப் போட்டி மிகக் குறைவு. நாளுக்கு இத்தனை என்று கணக்கு வைத்து எழுதும் பக்கம் அங்கே எளிதாக முதலிடம் பெறுகிறது. அதே காரணத்தால், அக்கறையோடு ஓர் ஆசிரியர் எழுதும் ஒரு பக்கமும் அங்கே மேலே வர வாய்ப்புண்டு.

தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்க கூகுள் அமர்த்தும் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு கையேடு உண்டு. எழுதியவரின் நிபுணத்துவம், பெயர்மதிப்பு, பக்கத்தின் நம்பகத்தன்மை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லும் அக்கையேட்டில், 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதும் சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டு வகுப்பறையில் நின்றவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை எளியவை. யூனிகோடில் தட்டச்சு செய்வோம். கோப்புக்கு எண்களால் பெயரிடாமல் வகுப்பு, பாடம், தலைப்பு தெரியும்படி பெயரிடுவோம். 'இயல் 3 குறிப்பு' என்று தலைப்பிடுவதற்குப் பதில், மாணவர் தேடும் சொல்லிலேயே 'இலைகள் உணவு தயாரிப்பது எப்படி: ஒளிச்சேர்க்கை, 7ஆம் வகுப்பு' என்பதுபோல் தலைப்பிடுவோம். முதல் பத்தியிலேயே விடையைச் சொல்லிவிட்டு, விளக்கத்தைப் பிறகு தருவோம். படத்துக்குக் கீழே அது என்ன என்று ஒரு வரி எழுதுவோம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போதும் அது உதவும். எழுதியவர் பெயர், பதவி, எழுதிய தேதி மூன்றையும் இடுவோம். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பாடம் சார்ந்த கட்டுரையைச் சான்றுடன் விரிவாக்குவதும், எல்லோருக்கும் திறந்திருக்கும் தளங்களில் பாடப்பொருளை ஏற்றுவதும் இதே பணியின் பகுதிகள்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலின் மேல்பகுதியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை வரத் தொடங்கியது. பல பக்கங்களிலிருந்து திரட்டி ஒரே பத்தியாகத் தருவதால், வரிசை இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். அந்த விடையும் இணையத்தில் இருக்கும் பக்கங்களிலிருந்தே திரட்டப்படுகிறது. அங்கே பிழையான தமிழ்ப் பக்கங்கள் மிகுந்திருந்தால் பிழை விடைக்குள்ளும் வரும். விடையோடு தரப்படும் மூலப் பக்கங்களின் இணைப்பைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

எங்கிருந்து தொடங்கலாம்?

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் நூலின் பின்பக்க அகராதியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதும், 'யார் சொன்னது?' என்று கேட்கப் பழக்குவதும் போதும். ஆறு முதல் எட்டுவரை அட்டைத் தேடுபொறியும் சொல்லை மாற்றித் தேடுதலும். ஒன்பதாம் வகுப்பு முதல் பக்கவாட்டு வாசிப்பு. அறிவியல், சமூக அறிவியல், தமிழ் எந்தப் பாடத்திலும் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். தனிப் பாடத்திட்டம் தேவையில்லை. எட்டு அட்டைகளை எழுத எனக்கு ஒரு மாலை நேரம் ஆனது. பனைக்குப் பதிலாக உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த உப்பளம், தறி, தேயிலை, மீன்பிடிப்பு என்று எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சொந்தமாகத் தெரிந்த பொருளாக இருந்தால், முதலில் வந்து நிற்கும் அட்டையில் உள்ள பிழையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.